ஆகஸ்ட்டில் திறக்காத கதவு

அத்தியாயம் ஆறு

சிரில் கோபெக்கி சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து, நோட்டரி வெண்டல் ஸ்ப்ரவுலின் அலுவலகத் தரையில் வைத்தார். குண்டு அசையவில்லை. அரை நிமிஷம் குனிந்தபடியே பார்த்தார். மாதாகோயிலில் முதல் பெஞ்சில் இடம் பிடித்துவிட்ட பணக்காரரைப் போல அது இருந்த இடத்திலேயே இருந்தது.

“நேரானதுதான்,” என்று முனகினார்.

“வீட்டைத்தானே சொல்றீங்க, மாமா?” என்று ஆல்பினா காதோரம் கேட்டாள்.

ஸ்மோலா என்ற அந்த டெக்ஸஸ் ஊரை நிறுவியவர்கள் செக் நாட்டிலிருந்து வந்த பருத்தி விவசாயிகள். அவர்கள் மொழியில் ஸ்மோலா என்றால் தார். துரதிர்ஷ்டம் என்றும் பொருள். மழைக்காலத்தில் முதல் பொருளும் வறட்சியில் இரண்டாவது பொருளும் பொருந்தும். ஊர் முழுக்கக் கரிசல். மழை பெய்தால் உப்பும், மெழுகாகும், செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்ளும். காய்ந்தால் சுருங்கும், வாயைப் பிளக்கும், கைக்கு எட்டாத ஆழத்துக்குச் சுத்தியலை விழுங்கும். காலையில் உழப் போனால் ஈரம் அதிகம், சாயங்காலம் போனால் இறுக்கம் அதிகம், நடுவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் உழலாம் என்பார்கள். பருத்தியும் சோளமும் அதில் தாமாகவே கொழிக்கும். மனிதன் கட்டியது எதுவும் நிமிர்ந்து நிற்காது. வேலிக்கால், தந்திக்கம்பம், கல்லறைச் சிலுவை எல்லாம் கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும். 

நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டவர்கள் காசு சேர்த்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே கீழே வெள்ளைப் பாறை. ஸ்ப்ரவுல் அங்கேதான் இருந்தார். கர்னல் ராய்ஸ் பிரூயிட்டும் அங்கேதான்.

சிரில் முப்பது வருஷம் வீடுகளுக்கு அடியில் ஜாக்கியோடு தவழ்ந்து, சாய்ந்த வீடுகளை நிமிர்த்தியவர். முழங்கால் போன பிறகு மனிதர்களின் சாய்வைப் பார்க்கத் துப்பறிவாளர் என்று பலகை மாட்டினார். பலகையும் சாய்ந்துதான் தொங்கியது. ஆல்பினா அவருடைய தங்கை மகனைக் கட்டி, ஆறு வருஷம் பொறுத்து, விவாகரத்து செய்தவள். பிரிவினையில் கணவன் காரை எடுத்துக்கொண்டான். இவள் மாமாவை எடுத்துக்கொண்டாள். தட்டச்சு, வண்டி ஓட்டுதல், மாமா பேசக் கூடாத இடத்தில் பேசுவது மூன்றும் அவள் இலாகா.

அன்றைய வழக்கில் அவகாசம் மாலை நாலு மணி வரைதான். போன செப்டம்பரில் லாடா ஹோரக் செத்துப்போனார். பிரம்மச்சாரி. அவர் வீட்டிலும் நாற்பது ஏக்கரிலும் அவரோடு பாடுபட்டவள் தங்கை ஒல்கா. பதினொரு மாதம் கழித்து இப்போது ஒரு உயில் முளைத்திருந்தது: வீடும் நிலமும் ‘கரிசல் பாரம்பரியச் சங்க’த்துக்கு. சங்கத்தின் தலைவர் கர்னல். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. கெளுத்தி மீன் வறுக்கும் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்து வாங்கிய பட்டம். ஒல்காவின் வீட்டை இடித்துக் கரிசல் அருங்காட்சியகம் கட்டப்போகிறார். நாலு மணிக்கு நீதிபதி உயிலை ஏற்றுக்கொண்டால், ஐம்பத்தெட்டு வயதில் ஒல்கா துணி மூட்டையோடு தெருவில் நிற்க வேண்டும்.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள். ஒருவர் அதற்குப் பிறகு இறந்துவிட்டார். சாட்சியில் அதைவிட வசதியான ரகம் கிடையாது. மற்றவர் ஸ்ப்ரவுல்.

“பொய்யனைக் கேள்வி கேட்டா முழிச்சுக்குவான்,” என்று வரும்போது சிரில் சொல்லியிருந்தார். “பாராட்டினா விவரம் குடுப்பான்.”

ஆல்பினா பாராட்டினாள். ஸ்ப்ரவுல் சார் ஒரு தடவை பார்த்ததை மறக்க மாட்டார் என்று ஊரே பேசிக்கொள்கிறதே, அது மெய்தானா என்று கேட்டாள். ஸ்ப்ரவுல் டையைச் சரி செய்துகொண்டார். அவர் மேஜைப் பலகையில் பெயருக்குக் கீழே ‘துல்லியம்’ என்று பொறித்திருந்தது.

போன வருஷம் ஆகஸ்ட் பதினாலு, காலை பத்தரை மணி என்று அவர் ஆரம்பித்தார். தெருப் பக்கத்து முன்கதவைத் தட்டினாராம். லாடா ஹோரக்கே வந்து திறந்தாராம். கதவு சத்தமே போடாமல் வெண்ணெய் மாதிரித் திறந்ததாம். கூடத்து வட்ட மேஜையில் உட்கார்ந்தார்களாம். லாடா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்க, அது அடுப்புப் பக்கமாக உருண்டு விழுந்ததாம். ஸ்ப்ரவுலே குனிந்து எடுத்தாராம்.

“அடுப்புப் பக்கமா? தெருப் பக்கமா?” என்று சிரில் தூங்கி விழுகிறவர் மாதிரிக் கேட்டார்.

“அடுப்புப் பக்கம். நான் விவரம் தப்பா சொல்றதில்ல, கோபெக்கி.”

இந்த மாதிரி நினைவாற்றலை எழுத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் பாவம் என்றாள் ஆல்பினா. ஸ்ப்ரவுல் எழுதினார். தேதி போட்டார். முத்திரை குத்தினார். மை சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு தடவை குத்தினார்.

வண்டி மேட்டைவிட்டு இறங்கியதும் சிரில் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

“ஆகஸ்ட்ல அந்த வீட்டு முன்கதவு திறந்துச்சாம்,” என்றார்.

ஆல்பினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அடுத்த தெருவில் வளர்ந்தவள். மேட்டுக்குக் கீழே, கரிசல் மேல் இருந்த கீழூரில் எல்லா வீட்டுக்கும் மழைக்கதவு ஒன்று, வெயில்கதவு ஒன்று. ஹோரக் வீட்டில் முன்கதவு மழைக்கதவு. ஜூனில் மண் சுருங்கித் தெருப் பக்கத்து மூலை இறங்கும், நிலை முறுக்கிக்கொள்ளும், கதவு அதில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். அக்டோபர் மழை வரும்வரை எல்லோரும் சமையலறைக் கதவு வழியாகத்தான். தரையும் அப்படித்தான். கோடையில் பேனா தெருப் பக்கம் உருளும். மண் உப்பியிருக்கும் வசந்தத்தில் அடுப்புப் பக்கம் உருளும்.

“அப்ப அவரு ஆகஸ்ட்ல வரல. வசந்தத்துல வந்திருக்காரு,” என்றாள். “போன ஆகஸ்ட்டுக்கு இந்த வசந்தத்து வீட்டைத் தூக்கி வச்சுட்டாரு.”

“பாறை மேல இருக்கிறவனுக்கு வீடுன்னா வருஷம் பூரா ஒண்ணுதான்.”

ஒல்காவின் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய், வழக்கம்போலச் சமையலறைக் கதவு வழியாக நுழைந்தார்கள். எழுபது நாளாக மழை இல்லை. பருத்திக்காட்டின் வெடிப்புகளைத் தாண்டும்போது சிரில் ஆல்பினாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். வீட்டுச் சுவரை ஒட்டிப் புல் பச்சையாக இருந்ததை ஆல்பினா பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை. பிற்பாடு அதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஒல்கா கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியை மேஜையில் வைத்தாள். நாளைக்கு இந்த அடுப்பு யாருடையது என்று தெரியாதவள் இன்றைக்கு இரண்டு தட்டு சுட்டிருந்தாள்.

“அக்கா, இந்த வசந்தத்துல கர்னலும் ஸ்ப்ரவுலும் இங்க வந்தாங்களா?” என்று ஆல்பினா கேட்டாள்.

வந்தார்கள். மார்ச்சில், துக்கம் விசாரிக்க, ஆறு மாதம் தாமதமாக. முன்கதவு வழியாகத்தான் வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து, நிலத்தைச் சங்கத்துக்குக் கொடு என்றார்கள். ஒல்கா முடியாது என்றாள். ஸ்ப்ரவுலின் பேனா உருண்டு அடுப்படியில் விழுந்தது; அவர்தான் குனிந்து எடுத்தார். போகும்போது கர்னல் ஒரு கண்ணாடி ஜாடி கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு கைப்பிடி கரிசல் மண். மேலே வெள்ளித் தகட்டில் ‘மாதிரி எண் 40’.

“நாப்பது ஏக்கர் மண்ணு வச்சிருக்கிறவளுக்கு ஒரு ஜாடி மண்ணு,” என்றாள் ஒல்கா. “நான் என்ன செய்ய? மிளகுத்தூளுன்னு நினைச்சு யாராவது சூப்புல போட்ருவாங்கன்னு மேல் தட்டுல வச்சேன்.”

சிரில் நீதிமன்றத்துக்குப் போன் செய்தார். விசாரணையை ஹோரக் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நீதிபதி லெட்டி மேபரி சட்ட நுணுக்கம் எதுவும் பேசவில்லை. நீதிமன்றத்தில் ஏசி செத்து மூன்று நாளாகிறது. அந்த வீட்டில் மின்விசிறி உண்டா என்று மட்டும் கேட்டார்.

மூன்றரை மணிக்கு எல்லோரும் சமையலறை வழியாக வந்தார்கள். கர்னல் பிரூயிட் வெள்ளை சூட், வெள்ளைத் தொப்பி, தந்தம்போல் வெளுத்த பூட்ஸ். கரிசலைப் பற்றி மூன்று மாவட்டங்களில் சொற்பொழிவு ஆற்றியவர். ஆனால் அந்த பூட்ஸில் கரிசல் பட்டதாக வரலாறு இல்லை. வாசலில் ஒரு உதவியாளன் துணியால் துடைத்த பிறகே உள்ளே வந்தார். நீதிபதிக்குச் சங்கத்தின் ஆண்டு மலரை இரு கைகளாலும் வழங்கினார். தங்க விளிம்பு, நூற்றிருபது பக்கம். அதில் தொண்ணூறு பக்கத்தில் கர்னல் இருந்தார்.

சிரில் ஸ்ப்ரவுலின் வாக்குமூலத்தை நீதிபதியிடம் கொடுத்தார். ஆகஸ்ட்டில் இந்த வீட்டு முன்கதவு திறக்காது, பேனா அடுப்புப் பக்கம் உருளாது, ஆகவே சாட்சி அன்று இங்கே வரவே இல்லை என்றார். சுருக்கமாக, அழகாகச் சொன்னார். ஆல்பினா மனதுக்குள் கை தட்டினாள்.

“இன்னைக்கும் ஆகஸ்ட்டுதானே,” என்றார் நீதிபதி. “திறந்து பாத்துரலாமே.”

“ஆறு ஆள் வந்தாலும் நடக்காது, ஜட்ஜம்மா.”

சிரில் போய் முன்கதவின் பிடியைத் திருகிப் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தார். கதவு வெண்ணெய் மாதிரித் திறந்தது. இழுத்த வேகத்தில் சிரில் பின்னால் தடுமாறிக் கடிகாரத்தின் மேல் சாய்ந்தார். தெரு வெளிச்சம் கூடத்துக்குள் மரியாதையில்லாமல் நுழைந்தது.

கோலிக்குண்டைத் தரையில் வைத்தார். அது அடுப்புப் பக்கமும் போகவில்லை, தெருப் பக்கமும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆல்பினா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பச்சைப் புல். புல்லுக்குள் பாம்பு மாதிரி ஒரு ரப்பர்க் குழாய், வீட்டைச் சுற்றி வளைத்து, நூறு துளைகளில் கசிந்துகொண்டிருந்தது.

“ஒல்கா அக்கா,” என்றாள். “வீட்டுக்குத் தண்ணி விடுறீங்களா?”

“ஜூன் மாசத்திலேர்ந்து விடுறேன். காலையும் சாயங்காலமும். அண்ணன் இருந்தவரை விட மாட்டாரு, வானம் குடுத்தா வீடு குடிக்கட்டும்பாரு.” ஒல்கா சிரிலைப் பார்த்தாள். “சாவு வீட்டுல சிரிலண்ணன்தானே சொன்னாரு. அடுத்த கோடையில சுத்தித் தண்ணி விடு, மண்ணு சுருங்காது, வீடு நிமிந்து நிக்கும்னு. நான் அப்படியே செஞ்சேன்.”

“கதவு திறக்குதுன்னு காலையிலயே சொல்லக் கூடாதா?” என்றார் சிரில்.

“யாரு கேட்டீங்க? எல்லாரும் சமையக்கட்டு வழியாத்தானே வந்தீங்க.”

அதுதான் நடந்தது. கீழூரில் பிறந்த எவனும் ஆகஸ்ட்டில் முன்கதவைத் தொட மாட்டான். சிரிலும் தொடவில்லை. முப்பது வருஷத் தொழிலில் அவர் சொன்ன யோசனை ஒன்றை ஒரு ஆள் முழுசாகக் கேட்டு நடந்தது இதுவே முதல் தடவை. அதற்கு இந்த நாள் பார்த்தது விதி.

“வேலை சுத்தம், மாமா,” என்றாள் ஆல்பினா.

கர்னல் எழுந்தார். ஒரு கையை மார்பில் வைத்தார். பிரூயிட் வம்சத்தார் நூறு வருஷமாக இந்த மண்ணில் நிமிர்ந்து நிற்கிறார்கள், இந்தக் கதவைப் போலவே அவர்கள் சொல்லும் நேரானது என்றார். கதவு போன வருஷம் திறந்திருக்காது என்று ஒல்கா சொல்ல வந்தாள். சொத்துக்கு ஆசைப்படுகிறவள் வேறென்ன சொல்வாள் என்று கர்னல் வருத்தத்தோடு சிரித்தார். ஊரைக் கேளுங்கள் என்றார் சிரில். ஊரில் பாதி கர்னலின் குத்தகை நிலத்தில் பருத்தி போடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் வருவார்கள்?

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்குப் பத்து நிமிஷம். எனக்கு ஊர்ப்பேச்சு போதாது, ஒரு ருசு வேண்டும் என்றார். பேனாவைத் திறந்தார்.

ஒல்கா மேஜையில் இருந்த ரொட்டித் தட்டை எடுத்துத் துணியால் மூடினாள். பிறகு திறந்தாள். மறுபடி மூடினாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல்தான் ஆல்பினா ஆண்டு மலரைப் புரட்டினாள். கர்னல் பசுவோடு. கர்னல் பூசணியோடு. கர்னல் மண் ஜாடியோடு. முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

உடனே அவள் முகம் பக்தியால் கனிந்தது. அந்த முகத்தைச் சிரில் அறிவார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கர்னல் சார், மன்னிக்கணும். இந்தப் படத்தைப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு. லாடாவோட சவப்பெட்டியை நீங்களே தூக்கியிருக்கீங்க.”

“கடமைம்மா,” என்றார் கர்னல்.

“ஆனா இதுல நீங்க ஜன்னல்ல இருக்கீங்களே. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய.”

“அது ஒரு பெரிய கதை.” கர்னலுக்குத் தன்னைப் பற்றிய பெரிய கதைகள் பிடிக்கும். நீதிபதி பக்கமாகத் திரும்பிக்கொண்டார். “சமையல்கட்டு வழியாப் பெட்டி திரும்பல. நாலு பேரு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. நான்தான் சொன்னேன், ஜன்னல் சட்டத்தைக் கழட்டுங்கடான்னு. நானே முதல்ல ஏறினேன். புது வெள்ளைக் கால்சட்டை, ஆணியில மாட்டி இடுப்பு வரைக்கும் கிழிஞ்சுது. பெட்டியை விடல.”

“ஐயோ. முன்கதவு வழியாக் கொண்டு போயிருக்கலாமே, சார்.”

“எப்படிப் போறது? அது ஜூன் மாசத்திலேர்ந்து இறுகிக் கிடக்குன்னு ஊரே சொல்லுச்சு. நான் நம்பல. நானே வெளிய போய்த் தோளைக் குடுத்துத் தள்ளினேன். ஆறு பேரு தள்ளினோம். ஒரு அங்குலம் அசையணுமே. அந்தத் தோளு இன்னமும் குளிருக்கு…”

அங்கே நின்றார். வாக்கியத்தின் மிச்சம் வாயிலேயே இருந்தது. அதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி ஆண்டு மலரை வாங்கினார். படத்துக்குக் கீழே கர்னலே எழுதிய வரி இருந்தது: ‘செப்டம்பர் 6. மண்ணின் மைந்தனுக்கு மண்ணின் தலைவர் தோள் கொடுக்கிறார்.’ ஒரு கையில் அதையும் மறு கையில் ஸ்ப்ரவுலின் வாக்குமூலத்தையும் பிடித்து, மாறி மாறிப் படித்தார்.

“ஆகஸ்ட் பதினாலு. சாகக் கிடந்த மனுஷன் தனியா வந்து, சத்தமில்லாம, வெண்ணெய் மாதிரித் திறந்திருக்காரு,” என்றார். “மூணு வாரம் கழிச்சு ஆறு ஆம்பளைங்க தோளைக் குடுத்தும் அசையல. நடுவுல மழை உண்டா, கோபெக்கி?”

“ஒரு சொட்டு இல்ல, ஜட்ஜம்மா.”

“ஸ்ப்ரவுல், இது உங்க முத்திரைதானே? ரெண்டு தடவை குத்தியிருக்கு.”

முதல் தடவை சரியாகப் பதியவில்லை என்று ஸ்ப்ரவுல் உண்மையைச் சொன்னார். அன்று அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். அடுத்த ஐந்து நிமிஷத்தில் இன்னும் பல உண்மைகள் வந்தன: உயிலை எழுதியது ஏப்ரலில், கர்னல் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், லாடாவின் கையெழுத்து ஒரு பழைய தீவனக் கடைச் சீட்டைப் பார்த்துப் போட்டது. அந்த மேஜை சமமாக இருந்ததா என்று ஆல்பினா கேட்டாள். ரொம்பச் சமம் என்றார் ஸ்ப்ரவுல், துல்லியமாக.

உயில் செல்லாது என்று நீதிபதி எழுதினார். இருவரையும் நாளைக் காலை ஷெரீப் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். வராவிட்டால் ஷெரீப் வருவார் என்றார். ஒல்கா ரொட்டித் தட்டின் துணியை எடுத்து மடித்து வைத்தாள். முதல் ரொட்டியை நீதிபதிக்குக் கொடுத்தாள்.

கர்னல் தொப்பியை எடுத்தார். சமையலறை வழியாகப் போக அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. முன்கதவு விரியத் திறந்திருந்தது. நிமிர்ந்த தலையோடு அதன் வழியே இறங்கி, பச்சைப் புல்லில் கால் வைத்தார். எழுபது நாளாகக் குழாய் கசிந்து ஊறிய கரிசல் அது.

வலது கால் கணுக்கால் வரை போனது. இழுத்தார். மண் கொடுக்கவில்லை. மறுபடி இழுத்தார். கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை. ஒற்றைக் காலில் அவர் நின்றபோது மொத்த உடம்பும் தெருப் பக்கமாகச் சாய்ந்தது. அந்த ஊரின் வேலிக்கால்களோடு அவர் முதன்முறையாக ஒத்துப்போனார். பிறகு ஒரு காலில் வெள்ளைக் காலுறையோடு வண்டிக்கு நடந்தார். ஸ்ப்ரவுல் அவரைத் தொடர்ந்து, சமையலறை வழியாக, ஓடினார். பேனாவை மேஜையிலேயே விட்டுவிட்டார். அது எந்தப் பக்கமும் உருளவில்லை.

ஒல்கா மண்வெட்டி கொண்டுவந்து பூட்ஸைத் தோண்டி எடுத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில், சவப்பெட்டி போன அதே ஜன்னலில், வைத்தாள். உள்ளே முக்கால்வாசி கரிசல் நிறைந்திருந்தது.

ஆல்பினா ஸ்ப்ரவுலின் பேனாவை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி பூட்ஸின் மேல் ஒட்டினாள்:

‘மாதிரி எண் 41.’